திருவருகைக் காலத்துக்குப் பிரசங்கம் ஆயத்தம் செய்தல்: முதன்முறையாகப் பீடம் ஏறுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூர்த் தமிழ்ச் சபைகளில் நவம்பர் இறுதி பிறந்ததும் போதகருக்கு வேலை குவிந்துவிடுகிறது. வீடு வீடாகக் கேரல் பாடச் செல்லும் இரவுகள், ஞாயிறு பள்ளிக் கலைநிகழ்ச்சி, நோயாளர் சந்திப்புகள், ஆண்டிறுதி விடுமுறையில் நடக்கும் திருமணங்கள் என எல்லாம் ஒருசேர வருவதால், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளில் ஒன்றைச் சபையாரில் ஒருவரிடம் ஒப்படைப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அவ்வாறு முதன்முறையாக அழைக்கப்பட்டவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கத்தோலிக்கத் திருப்பலியில் மறையுரை குருவுக்கும் திருத்தொண்டருக்கும் உரியது; எனினும் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்களில் சிந்தனை வழங்கும் பொதுநிலையினருக்கும் இதில் பெரும்பகுதி உதவும், ஏனென்றால் இக்காலத்துக்கான வாசகங்கள் இரு மரபுகளிலும் பெரும்பாலும் ஒன்றே.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை உறுதியாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்: உங்களிடம் கேட்கப்பட்டிருப்பது கிறிஸ்துமஸ் பிரசங்கம் அன்று. நவம்பர் நடுவிலேயே புக்கிட் பிந்தாங் பேரங்காடிகளில் அலங்கார மரங்கள் எழுந்துவிடுகின்றன. ஆகவே முதல் ஞாயிறன்றே மாட்டுத்தொழுவத்தையும் மேய்ப்பரையும் பேசிவிடத் தோன்றுவது இயல்பு. ஆனால் எந்த ஞாயிறன்று எந்த வேதப் பகுதி என்று குறிக்கும் வாசக அட்டவணையை எடுத்துப் பாருங்கள். வாசகங்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும் அந்தச் சுழற்சியில் எந்த ஆண்டை எடுத்தாலும், முதல் மூன்று ஞாயிறுகளின் நற்செய்தி வாசகங்களில் பாலகன் இயேசுவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முதல் ஞாயிறு மனுஷகுமாரன் மகிமையோடு வரப்போவதைப் பேசுகிறது. இரண்டாவதும் மூன்றாவதும் யோவான்ஸ்நானனுக்கு உரியவை. நான்காம் ஞாயிறன்றுதான் மரியாளும் யோசேப்பும் வருகிறார்கள். கடைசியில் நடக்கப்போவதை முதலில் வைத்து, அங்கிருந்து பின்னோக்கிப் பெத்லகேமுக்கு நடக்கிறது திருச்சபை. நியாயந்தீர்க்கவும் மீட்கவும் வருகிறவர் யாரென்று முதலில் கேட்டவர்களே, முன்னணையில் கிடத்தப்பட்ட பிள்ளை யாரென்று உணர முடியும் என்பதற்காகவே இந்த வரிசை. எனவே உங்களுக்குக் கொடுக்கப்பட்ட ஞாயிறு எதுவோ அந்த இடத்திலேயே நின்று பேசுவது, அடுத்த ஞாயிறுக்குத் தாவாமல் இருப்பது, இதுவே ஆயத்தத்தின் பாதி வேலை என்று நான் நம்புகிறேன்.

நாள், ஆண்டு, வாசகம்

முதலில் நாளையும் ஆண்டையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் 30ஆம் நாளுக்கு மிக அருகில் வரும் ஞாயிறே திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் விழும். திருச்சபை ஆண்டு அன்றுதான் பிறக்கிறது. ஆகையால் முந்தைய வாரம் வரை லூக்காவிலிருந்து வாசித்த சபை, அந்த ஞாயிறன்று மத்தேயுவுக்கு மாறிவிடும். 2025 நவம்பர் 30 அன்று மத்தேயுவுக்குரிய முதல் ஆண்டு தொடங்கியது. 2026 நவம்பர் 29 அன்று மாற்குக்குரிய இரண்டாம் ஆண்டும், 2027 நவம்பர் 28 அன்று லூக்காவுக்குரிய மூன்றாம் ஆண்டும் தொடங்குகின்றன. நாட்காட்டி ஆண்டையே பார்த்துத் தவறான வாசகத்துக்குப் பிரசங்கம் எழுதிக்கொண்டு வருவது புதியவர்களிடம் அடிக்கடி நேர்வதால், அட்டவணையை எடுத்ததும் போதகரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். அப்போதே, முந்தைய ஞாயிறும் அடுத்த ஞாயிறும் யார் பேசுகிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகள் இரண்டிலும் யோவான்ஸ்நானனே வருவதால், இருவரும் கலந்து பேசாவிட்டால் சபை ஒரே செய்தியை இருமுறை கேட்கும்.

ஒவ்வொரு ஞாயிறுக்கும் பழைய ஏற்பாட்டு வாசகம், சங்கீதம், நிருப வாசகம், நற்செய்தி வாசகம் என நான்கு இருக்கும். இரண்டு வாரங்களுக்கு முன்பே நான்கையும் வாய்விட்டு வாசித்துவிடுங்கள். பரிசுத்த வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பையும், 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் பீடத்தில் நின்று வாசிக்கும்போது சபையார் கையில் எது இருக்கிறதோ அதையே வாசியுங்கள். முதல் சில நாட்களுக்கு விளக்கவுரை நூல்களைத் திறக்க வேண்டாம். உங்களுக்கே புரியாத இடம் எது, உங்களைச் சங்கடப்படுத்தும் வரி எது, சபையில் யாராவது காயப்படக்கூடிய வரி எது என்று மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அதன் பிறகே நூல்களிடம் போங்கள். விளக்கவுரையை முதலில் படித்தவருக்கு வேறொருவருடைய கேள்விகளே கிடைக்கும். தன் சபையின் கேள்வி கிடைக்காது.

நான்கு வாசகங்களையும் ஒரே பிரசங்கத்தில் பேச முயல வேண்டாம். ஒன்றைத் தூணாக வைத்து, மற்றொன்றைத் துணைக்கு அழைத்தால் போதும். திருவருகைக் காலத்தில் நற்செய்தியும் தீர்க்கதரிசியும் ஒன்றையொன்று பார்த்தபடி தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதால், புதியவர்களுக்கு அந்த இணையையே பரிந்துரைப்பேன்.

தீர்க்கதரிசி யாரிடம் பேசினார்?

பழைய ஏற்பாட்டு வாசகத்தை எடுத்தவுடன் அதை இயேசுவின் பிறப்புக்கு எழுதிய முன்னறிவிப்புச் சீட்டாக மட்டும் வாசித்துவிடும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. தீர்க்கதரிசி முதலில் தன் கண்ணெதிரே நின்ற மக்களிடம் பேசினார். அந்த மக்கள் யார், எதற்கு அஞ்சினார்கள், எதற்கு ஏங்கினார்கள் என்று கண்டுபிடிப்பதே உங்கள் அடுத்த வேலை.

முதல் ஆண்டின் நான்காம் ஞாயிறுக்குரிய ஏசாயா 7ஐப் பாருங்கள். கி.மு. 735 வாக்கில், சீரியாவின் ரேத்சீனும் இஸ்ரவேலின் பெக்காவும் எருசலேமுக்கு எதிராகக் கூட்டுச்சேர்ந்தபோது, யூதாவின் ராஜா ஆகாஸ் நடுங்கிப்போனான். ஓர் அடையாளத்தைக் கேள் என்று ஏசாயா சொன்னார். ஆகாஸ் பக்திமானைப் போல மறுத்தான். ஆனால் அவன் உதவிக்கு ஆள் அனுப்பியது அசீரியாவின் திகிலாத்பிலேசரிடம் என்று 2 இராஜாக்கள் 16 சொல்கிறது. இம்மானுவேல் என்ற பெயர் முதலில் ஒலித்தது, கடவுளை நம்புவதைவிட வல்லரசை நம்புவது பாதுகாப்பு என்று கணக்குப்போட்ட அந்த மனிதனின் காதில்தான். இதைச் சபைக்குச் சொல்லிவிட்டு, அதன்பின் மத்தேயுவிடம் வந்து, தன் மானத்தையும் திட்டங்களையும் விட்டுக்கொடுத்து மரியாளைச் சேர்த்துக்கொண்ட யோசேப்பைக் காட்டினால், ஆகாசும் யோசேப்பும் எதிரெதிரே நிற்பார்கள். பிரசங்கம் தானாகவே உருப்பெறும்.

இரண்டாம் ஆண்டில் இரண்டாம் ஞாயிறன்று வரும் ஏசாயா 40, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களைத் தேற்றுகிறது, கி.மு. 586 வாக்கில் எருசலேம் விழுந்து, 539இல் பாரசீக ராஜா கோரேசு பாபிலோனைப் பிடிக்கும்வரை ஒரு தலைமுறைக்கும் மேலாக அவர்கள் அங்கே இருந்தார்கள். அதே ஆண்டின் முதல் ஞாயிறுக்குரிய ஏசாயா 64 அதைவிட வலி மிகுந்தது: எருசலேம் பாழாய்க் கிடக்கிறது, ஆலயம் அக்கினிக்கு இரையாகிக் கிடக்கிறது, வானங்களைக் கிழித்து இறங்கி வரமாட்டீரோ என்று மக்கள் கதறுகிறார்கள். பண்டிகைக் காலத்தை இந்தக் கதறலோடு தொடங்கத் தயங்க வேண்டாம். அந்த ஆண்டில் துக்கம் கண்ட குடும்பங்கள் உங்கள் சபையில் இருக்கும். அவர்களுக்கு மேடையிலிருந்து வரும் முதல் துணை அந்த வாசகமாகவே இருக்கலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. யூதர்களைக் குருட்டாட்டமுள்ளவர்களாகவும் நன்றிகெட்டவர்களாகவும் சித்தரித்து, அதன் பின்னணியில் கிறிஸ்தவரை உயர்த்திப் பேசும் பழைய பாணியைக் கைவிடுங்கள். காத்திருக்கக் கற்றுக்கொடுத்தவர்களே அவர்கள்தான்.

ஓர் எடுத்துக்காட்டு: சிறையிலிருந்து ஒரு கேள்வி

ஆயத்தம் எப்படி நடக்கிறது என்று காட்ட, முதல் ஆண்டின் மூன்றாம் ஞாயிறைச் சற்று விரிவாக எடுத்துக்கொள்கிறேன். ஏசாயா 35, யாக்கோபு 5:7-10, மத்தேயு 11:2-11 ஆகியவை அன்றைய வாசகங்கள்.

முதலில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். யோவான் சிறையில் இருக்கிறார். ஏரோது அந்திப்பாவே அவரை அடைத்தவன். காரணத்தை மத்தேயு 14 சொல்கிறது. சவக்கடலுக்குக் கிழக்கே இருந்த மக்கேருஸ் கோட்டைதான் அந்தச் சிறை என்று யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதியிருக்கிறார். முந்தின ஞாயிறு இதே யோவான், கோடரி மரங்களின் வேர் அருகே வைக்கப்பட்டிருக்கிறது, பதர் அவியாத அக்கினியில் சுட்டெரிக்கப்படும் என்று முழங்கியதைச் சபை கேட்டிருக்கும். ஒரு வாரம் கழித்து அவர் கேட்கிறார்: "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?"

இந்த இடத்தில் யோவானைக் காப்பாற்ற முயலாதீர்கள். தனக்குச் சந்தேகம் இல்லாமலே தன் சீஷர்களின் நன்மைக்காக அவர் அவ்வாறு கேட்டார் என்ற விளக்கம் பழமையானது. ஆதித் திருச்சபைப் போதகர் கிறிசோஸ்தோம் போன்ற பெரியவர்களே அப்படிப் போதித்திருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்குள்ள மரியாதை குறையாமலே சொல்கிறேன்: அந்த விளக்கம் சபையிலிருந்து ஒரு பெரிய ஆறுதலைப் பறித்துவிடுகிறது. ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் அவனிலும் பெரியவன் இல்லை என்று இயேசு சாட்சி சொன்ன மனிதரே கேள்வி கேட்டார் என்றால், மருத்துவ அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரும் கேட்கலாம்.

அடுத்து இயேசுவின் பதிலைத் துருவிப் பாருங்கள். ஆம் என்றோ இல்லை என்றோ அவர் சொல்லவில்லை. கேட்கிறதையும் காண்கிறதையும் யோவானிடம் போய்ச் சொல்லுங்கள் என்கிறார். குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், குஷ்டரோகிகள் சுத்தமாகிறார்கள், செவிடர் கேட்கிறார்கள், மரித்தோர் எழுந்திருக்கிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம் பிரசங்கிக்கப்படுகிறது. இந்தப் பட்டியலை ஏசாயா 35:5-6 உடனும் ஏசாயா 61:1 உடனும் வரிக்கு வரி ஒப்பிட்டு எழுதிப் பாருங்கள். இதை வாசித்துப் போவதால் பயனில்லை, கையால் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் இரண்டு வெற்றிடங்கள் தெரியும். ஏசாயா 35:4இல் தேவன் நீதியைச் சரிக்கட்ட வருகிறார் என்ற வாக்கு இருக்கிறது. இயேசுவின் பதிலில் அது இல்லை. ஏசாயா 61இல் சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை என்ற வாக்கு இருக்கிறது, அதுவும் இல்லை. கேட்டவரோ சிறையில் இருக்கிறார். கோடரியும் விழவில்லை, கதவும் திறக்கவில்லை. அதன் பிறகுதான் "என்னிடத்தில் இடறலடையாதிருக்கிறவன் எவனோ அவன் பாக்கியவான்" என்ற வார்த்தை வருகிறது. யோவான் அந்தச் சிறையிலிருந்து உயிரோடு வெளியே வரவில்லை என்பது நமக்குத் தெரியும்.

இந்த இரண்டு வெற்றிடங்களே அன்றைய பிரசங்கத்தின் இருதயம். மேசியா வந்துவிட்டார், ஆனால் எல்லாம் இன்னும் நடந்துவிடவில்லை. முதல் வருகைக்கும் மறு வருகைக்கும் இடையே வாழும் சபையின் நிலைமையும் இதுதான். ஆகவே, மனமுருகி ஜெபித்தால் இந்தக் கிறிஸ்துமஸுக்குள் உங்கள் சிறைக்கதவு திறக்கும் என்று வாக்குக் கொடுத்துப் பிரசங்கத்தை முடிக்காதீர்கள். வாசகம் கொடுக்காத வாக்கைப் பிரசங்கியார் கொடுக்கலாகாது.

நம் ஊர் இந்த வாசகத்தோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதையும் கவனியுங்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. அந்தப் பகுதி நடைபாதைகளில் பாதங்களுக்கு வழிகாட்டும் மஞ்சள் கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. பார்வையற்றவர்கள் வெண்கோலோடு வேலைக்குப் போவதும் வருவதும் அன்றாடக் காட்சி. அவர்களில் ஒருவர் உங்கள் சபையில் அமர்ந்திருக்க, குருடரின் கண்கள் திறக்கப்படும் என்று நீங்கள் வாசிக்கப்போகிறீர்கள். ஆவிக்குரிய குருடர் என்று பேசி, பார்வையின்மையைப் பாவத்துக்கும் அறியாமைக்கும் அடைமொழியாக்குவதை இந்த ஊரில் நின்று செய்யக் கூடாது. முடிந்தால் அவரிடம் முன்கூட்டியே போய், இந்த வாசகம் உங்கள் காதில் எப்படி விழுகிறது என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் பிரசங்கத்தையே மாற்றிவிடக்கூடும். அவர் அனுமதித்தால் மட்டும், பெயர் குறிப்பிடாமல் அதைப் பகிருங்கள்.

யாக்கோபு 5:7 இதற்கு நல்ல துணை. முன்மாரியும் பின்மாரியும் வரும்வரை பயிரிடுகிறவன் பொறுமையோடு காத்திருக்கிறான் என்கிறார் யாக்கோபு. பாலஸ்தீனத்தில் முன்மாரி ஏறத்தாழ அக்டோபர், நவம்பரிலும், பின்மாரி மார்ச், ஏப்ரலிலும் பெய்யும். அதன்பின் அடுத்த முன்மாரி வரை நீளும் கோடையில் வானம் வறண்டு கிடக்கும். வருடம் முழுவதும் மழை பெய்யும் கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, மழைக்காகக் காத்திருப்பது என்றால் என்னவென்று நீங்கள்தான் விளக்க வேண்டும். தோட்டப்புறத்தில் வாழ்ந்த பெரியவர்களுக்கோ மழை வேறொரு பொருள் தரும்: காலையில் மழை பெய்து பட்டை நனைந்தால் அன்று பால்மரம் வெட்ட முடியாது, கூலியும் கிடைக்காது. அதே மழையை ஒருவர் ஆசீர்வாதமாகவும் இன்னொருவர் பட்டினியாகவும் கேட்பார்கள் என்பதை அறிந்து பேசுங்கள்.

ஒரே வாக்கியம்

மேற்சொன்ன வேலையெல்லாம் முடிந்த பின், பிரசங்கம் சபைக்குச் சொல்லப்போவதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். வினைச்சொல்லுக்குக் கடவுள் எழுவாயாக இருக்கட்டும். "நாம் பொறுமையாக இருக்க வேண்டும்" என்பது அறிவுரை; "சிறையிலிருப்பவரின் கேள்விக்குக் கிறிஸ்து கோபப்படாமல் பதில் அனுப்புகிறார்" என்பது நற்செய்தி. அந்த வாக்கியத்தைத் தாளின் மேல் எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு உதவாத ஒவ்வொரு பத்தியையும், அது எவ்வளவு அழகாக வந்திருந்தாலும், நீக்கிவிடுங்கள்.

மற்ற ஞாயிறுகளில் சில இடர்ப்பாடுகள்

முதல் ஞாயிறு பேசுகிறவர்களுக்கு நாள் குறிக்கும் சோதனை வரும். போர்ச் செய்திகளையும் நிலநடுக்கங்களையும் அடுக்கி, இதோ முடிவு நெருங்கிவிட்டது என்று சொன்னால் சபை மூச்சடக்கிக் கேட்கும். ஆனால் அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர வேறொருவரும் அறியார் என்பதே மத்தேயு 24:36இன் தெளிவான வார்த்தை. நோவாவின் காலத்தைப் பற்றிச் சொல்லும்போதும் இயேசு கொலை, களவு என்று எதையும் குறிப்பிடவில்லை. உண்டார்கள், குடித்தார்கள், பெண்கொண்டார்கள், பெண்கொடுத்தார்கள், உணராதிருந்தார்கள். அன்றாட வாழ்க்கை ஓட்டத்தில் கடவுளை எதிர்பார்க்கவே மறந்துபோவதுதான் அங்கே குற்றம். விரைவு ரயிலில் வேலைக்குப் போய், இரவு வீடு திரும்பி, வீட்டுக் கடனையும் கார்க் கடனையும் கட்டி முடிக்கும் நம் வாழ்க்கைக்கு அது நேரடியாகப் பொருந்தும்.

முதல் ஆண்டில் அதே ஞாயிறுக்கு வரும் ஏசாயா 2, பட்டயங்கள் மண்வெட்டிகளாக அடிக்கப்படும் நாளைப் பேசுகிறது. மலாயாத் தமிழருக்குப் போர் என்பது தொலைக்காட்சிச் செய்தி அன்று. ஜப்பானிய ஆட்சியில் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. திரும்பி வராதவருக்காகக் காத்திருந்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம் சபைகளில் இருக்கிறார்கள். இந்த நினைவை அலங்காரத்துக்காக எடுக்காதீர்கள். எடுத்தால், அதற்குரிய அமைதியோடும் நேரத்தோடும் பேசுங்கள்.

மூன்றாம் ஆண்டின் மூன்றாம் ஞாயிறு புதியவர்களுக்கு மிகவும் ஏற்றது. நாங்கள் என்னசெய்யவேண்டும் என்று ஜனங்கள் யோவானிடம் கேட்கிறார்கள். இரண்டு அங்கி உள்ளவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுக்க வேண்டும், ஆயக்காரர் கட்டளைக்கு மிஞ்சி வாங்கக் கூடாது, போர்ச்சேவகர் யாரையும் மிரட்டக் கூடாது என்று ஒவ்வொருவர் தொழிலுக்கும் ஏற்ற பதிலை அவர் சொல்கிறார். நீங்களும் அதேபோல் துல்லியமாகப் பேசுங்கள். வீட்டுப் பணிப்பெண்ணின் கடப்பிதழை அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் முதலாளி நம் சபையில் இருக்கலாம். பிறருடைய கடப்பிதழை அவ்வாறு வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படியும் குற்றம். மனந்திரும்புங்கள் என்று பொதுவாக முழங்குவதைவிட, அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்வது யோவானுக்கு நெருக்கமான பிரசங்கம்.

ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றப்படும் மெழுகுவர்த்தி வளையத்தைப் பற்றியும் ஒரு சொல். 1839இல் ஹம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய லுத்தரன் போதகர் வீகர்ன், கிறிஸ்துமஸுக்கு எத்தனை நாள் என்று பிள்ளைகள் எண்ணிப் பார்க்க வண்டிச் சக்கரம் ஒன்றில் மெழுகுவர்த்திகளை ஏற்றியதிலிருந்து வந்த வழக்கம் அது. நம்பிக்கை, சமாதானம், மகிழ்ச்சி, அன்பு என்று நான்கு மெழுகுவர்த்திகளுக்கும் பெயர் சூட்டுவது பல சபைகளில் நடக்கிறது. அந்தப் பெயரைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு வாசகத்தை அதற்குள் திணிக்காதீர்கள். மூன்றாவது மெழுகுவர்த்தி மகிழ்ச்சிக்குரியது. மத்தேயு 11இல் யோவான் இருப்பதோ சிறையில். மூன்றாம் ஆண்டில் அதே ஞாயிறுக்கு வரும், எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்ற பிலிப்பியர் 4:4உம் பவுல் கட்டுண்டிருந்தபோது எழுதியதே. மகிழ்ச்சியை அந்த இருளுக்குள் வைத்தே பேசுங்கள்.

எழுதுவதும் பேசுவதும்

முழுப் பிரசங்கத்தையும் எழுதிவிடுங்கள். குறிப்புகளை மட்டும் வைத்துப் பேசும் திறமை பின்னால் வரும். எழுதியதை வாய்விட்டு வாசித்து நேரம் பாருங்கள். புராட்டஸ்டண்டு ஆராதனையில் இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. மறையுரை எட்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று போப் பிரான்சிஸ் 2024 ஜூனில் சொன்னார். அன்பியத்தில் பேசுகிறவர்கள் அதை மனத்தில் கொள்ளலாம். தேசியப் பள்ளியில் மலாய் வழி படித்த நம் பிள்ளைகள் தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்வார்கள். ஆனால் "அவாந்தரவெளி", "செவ்வைபண்ணுங்கள்" போன்ற வேதாகமச் சொற்களில் தடுக்கி நின்றுவிடுவார்கள். அப்படிப்பட்ட சொல் வரும் வாக்கியத்திலேயே எளிய சொல்லால் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு நகருங்கள், விரிவுரை வேண்டாம். டிசம்பரில் இந்து உறவினர்களும் நண்பர்களும் ஆராதனைக்கு வருவார்கள். அவர்களுடைய நம்பிக்கையைத் தாழ்த்தும் ஓர் உதாரணம்கூட உங்கள் தாளில் இருக்கக் கூடாது. அவர்களுக்கும் புரியும் தமிழில் கிறிஸ்துவைச் சொன்னால் போதும்.

பாடல்களைத் தெரிந்தெடுப்பவரிடம் புதன்கிழமைக்குள் உங்கள் ஒரே வாக்கியத்தைக் கொடுத்துவிடுங்கள். வருகைக்காக ஏங்கும் ஞானப்பாட்டுகளும் கீர்த்தனைகளும் நம்மிடம் இருக்கும்போது, முதல் ஞாயிறன்றே பிறப்புப் பாடல்களைப் பாடிவிட்டால், நீங்கள் எத்தனை கவனமாக ஆயத்தம் செய்திருந்தாலும் சபை பெத்லகேமுக்குப் போய்விடும். ஞாயிறு பள்ளிக் கலைநிகழ்ச்சி மூன்றாம் அல்லது நான்காம் ஞாயிறு ஆராதனையோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தால், பிரசங்க நேரம் சுருங்கும். ஆனால் வாசகங்களையும் சுருக்கிவிட வேண்டாம் என்று போதகரிடம் பணிவோடு கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடமே கிடைத்தாலும், அன்றைய வாசகத்தை முழுமையாக வாசித்து, உங்கள் வாக்கியத்தையும் அதற்கு ஆதாரமான ஒரே காட்சியையும் சொல்லி இறங்கலாம்.

ஆராதனை முடிந்த அன்றே, சபையார் உங்களிடம் சொன்னதையும் கேட்டதையும் பிரசங்கத் தாளின் பின்புறம் எழுதி, ஆண்டையும் ஞாயிறையும் குறித்து, ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். மூன்று ஆண்டுகளில் அதே வாசகங்கள் திரும்பி வரும். முதல் ஆண்டு வாசகங்கள் அடுத்து 2028 டிசம்பர் 3 அன்று தொடங்குகின்றன. அந்த ஆண்டு நான்காம் ஞாயிறு டிசம்பர் 24 அன்றே விழுவதால், காலை ஆராதனையில் யோசேப்பின் சொப்பனத்தையும் அன்றிரவே கிறிஸ்து பிறப்பையும் பேச வேண்டியிருக்கும். இரண்டுக்கும் வெவ்வேறு பிரசங்கியாரை ஏற்பாடு செய்யும்படி அந்த ஆண்டு செப்டம்பரிலேயே போதகருக்கு நினைவூட்ட, கோப்பின் முதல் பக்கத்தில் இப்போதே குறித்து வையுங்கள்.